குடும்பத்தோடு கடலடிக்கு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பேச்சு எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பினாங்கிலுள்ள மாமா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்பார் அம்மா. போர்ட்டிக்சன் கடற்கரைக்கு ஒருநாள் வேன் பிடித்துப் போகலாம் என்பார்கள் பிள்ளைகள். சம்பளம் போடட்டும், பார்க்கலாம் என்பார் அப்பா. அப்படியே கடற்கரைக்குப் போனாலும், முழங்கால் நனையும் அளவுக்கு இறங்கிவிட்டு, கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள்தாம் நம்மில் அதிகம்.

கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே கடலுக்கு அடியில் இறங்கி அங்குள்ளவற்றைப் பார்த்து வருவதற்காகவே விடுமுறை எடுக்கும் மக்களும் உலகில் உண்டு. தொலைக்காட்சியில் அத்தகைய காட்சி வரும்போது நம் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. முதுகில் கட்டியிருக்கும் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது? தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுகிறார்கள்? சின்னப் பிள்ளைகள் போகலாமா? இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இக்கேள்விகளுக்கு விடை சொல்ல, உண்மையான ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம். அவ்விடம் கரிபியன் கடலில் உள்ள பொனேர் என்னும் தீவு. அங்கே ஒரு குடும்பம் ஒரு வார விடுமுறைக்கு எப்படித் திட்டமிட வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

அவ்வளவு தூரம் நாம் போகப் போகிறோமா என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் போகமாட்டோம், செலவு அப்படி. ஆனால் கடலடியில் மூச்சு விடுவதற்குரிய விதிகள் பொனேரில் ஒன்று, நம்முடைய தியோமானிலும் பெர்ஹெந்தியானிலும் வேறொன்று என்று இல்லை. இன்று வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் நண்பர்களோடு சேர்ந்து அத்தீவுகளுக்குப் போய் வருகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லதல்லவா?

முதலில் இடத்தைப் பார்ப்போம். பொனேர், தென்னமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டுக் கரைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பரப்பளவு 288 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய நம் பினாங்குத் தீவின் அளவு. ஆனால் மக்கள் தொகையோ சுமார் 25 ஆயிரம்தான். இத்தீவு ஹாலந்து நாட்டைச் சேர்ந்தது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் முதல் அந்நாட்டின் தனி நகராட்சியாக இருந்து வருகிறது. 2011 முதல் அங்குப் புழங்கும் பணம் அமெரிக்க டாலர். மக்கள் தங்களுக்குள் பேசுவது பாப்பியாமென்டு என்னும் கலப்பு மொழி. நமக்கும் அவர்களுக்கும் நேர வேறுபாடு சரியாகப் பன்னிரண்டு மணி. நாம் விடியற்காலை ஆறு மணிக்கு எழும்போது அங்கே முதல்நாள் மாலை ஆறு மணி.

பசுமையான தீவு என்று நினைத்துவிட வேண்டாம். மழை குறைவு, கள்ளியும் முட்புதரும்தான் எங்கும். குடிநீரையே கடல்நீரிலிருந்து உப்பை நீக்கித்தான் எடுக்கிறார்கள். இந்த வறட்சியே முக்குளிப்போருக்கு வாய்ப்பாக அமைந்தது. சேற்றை அடித்துக்கொண்டு கடலில் கலக்கும் ஆறுகள் இல்லாததால் கடல்நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. முப்பது மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும் நாட்கள் உண்டு. காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே கிழக்குக் கரையில் அலை மோதினாலும், மேற்குக் கரை குளம் போல அமைதியாகக் கிடக்கிறது. பவளப்பாறையும் அக்கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. படகே இல்லாமல், கரையிலிருந்து நடந்து இறங்கியே முக்குளிக்கலாம். இறங்கும் இடங்களுக்கு அடையாளமாகச் சாலையோரத்தில் கற்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசி, பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப் பெயரிட்ட இடங்கள், படகில் போகும் இடங்களையும் சேர்த்து, எண்பதுக்கு மேல்.

குடும்பங்கள் இத்தீவைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம். படகில் போனால் படகுக்காரர் சொல்லும் நேரத்துக்கு எல்லாரும் ஓடவேண்டும். பிள்ளை அழுதாலும் திரும்ப முடியாது. கரையிலிருந்து இறங்குகிறவர்கள் பிள்ளைக்குக் குளிர்ந்தால் ஏறிவிடலாம். பசித்தால் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் வரைந்துகொள்வோம். அப்பா, அம்மா, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன். அங்கிருந்து பொனேருக்கு விமானத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேரவே பதின்மூன்று மணி நேரம் ஆகும். ஆக, வீட்டை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய இரண்டு நாள் பயணம்.

இக்குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது விமானச் சீட்டின் விலையையோ தங்கும் அறையையோ அல்ல. அந்த ஒன்பது வயதுப் பையனைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் ஆகச் சிறியவர் யாரோ அவரைக் கொண்டே இவ்விடுமுறையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

உலகெங்கும் பரவலாக உள்ள பேடி என்னும் பயிற்சி அமைப்பின் விதியை எடுத்துக்கொள்வோம். எட்டு வயது நிரம்பிய பிள்ளை, ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க, இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத நீரில் சிலிண்டர் கட்டி மூச்சு விட்டுப் பார்க்கலாம். அது பழக்கம் காட்டுவதுதான்; முக்குளிப்பு ஆகாது. பத்து வயது நிரம்பினால் முறையான முதற்பயிற்சி பெற்று, இளையோருக்கான சான்றிதழ் பெறலாம். ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பாதுகாவலரோ, அல்லது பயிற்சி தரும் தொழில்முறை முக்குளிப்பாளரோ உடன் இருக்கவேண்டும். பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரை, சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவரோடு பதினெட்டு மீட்டர் வரை போகலாம்.

பதின்மூன்று வயது மகளும் பெற்றோரும் சேர்ந்து இறங்கலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. மகனுக்கு இன்னும் ஓராண்டு வேண்டும். அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாமே என்றால், அதுவும் ஒரு நல்ல யோசனைதான். ஆனால் பத்து வயது என்பது அனுமதிதானே தவிர, கட்டளை அல்ல. பத்து வயதிலும் இருட்டைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் உண்டு. சொன்னதைக் கேட்காத பிள்ளைகளும் உண்டு. முகத்தில் தண்ணீர் பட்டால் அலறுகிற பிள்ளையை, விமானச் சீட்டு வாங்கியாயிற்று என்பதற்காகக் கடலில் இறக்குவது கொடுமை. அந்தப் பையன் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேற்பரப்பில் மிதந்துகொண்டே மீன்களைப் பார்க்கட்டும். பொனேரில் அதற்கே நிறைய இடம் உண்டு. கிழக்குக் கரையிலுள்ள லாக் என்னும் விரிகுடாவில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் ஆழத்துக்குப் போய்விட்டு, கரையில் பையனை முன்பின் தெரியாதவரிடம் விட்டுவிட்டுப் போவது சரியல்ல. ஒருவர் இறங்கினால் மற்றவர் கரையில் இருப்பது என்று முறை வைத்துக்கொள்வதே நல்லது. இதனால் ஆளுக்குச் சில முக்குளிப்புகள் குறையும். குறையட்டுமே.

முதற்பயிற்சிக்குச் சேர்கிறவர்கள் இருநூறு மீட்டர் நீந்திக் காட்டவேண்டும். பத்து நிமிடம் மிதந்தும் காட்டவேண்டும். பிறகு பாடம், குளத்தில் பயிற்சி, கடலில் நான்கு முக்குளிப்புகள். பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் ஒரு வார விடுமுறையில் பாதி வகுப்பறையிலேயே போய்விடும். உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் ஒன்றையும் நிரப்பவேண்டும். இழுப்பு நோய், வலிப்பு, இருதயக் கோளாறு, காதில் பழைய புண் ஏதேனும் இருந்தால் மறைக்காமல் எழுதி, மருத்துவரிடம் காட்டி அனுமதி வாங்கவேண்டும். கருவுற்ற தாய்மார்கள் முக்குளிக்கவே கூடாது. கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கடலுக்கு அந்தத் தாள் தெரியாது.

சரி, சிலிண்டருக்குள் என்னதான் இருக்கிறது? பலர் சுத்தமான பிராணவாயு என்று நினைக்கிறார்கள். அது தவறு. வழக்கமான முக்குளிப்புச் சிலிண்டரில் இருப்பது நாம் இப்போது மூச்சு விடும் இதே காற்றுதான். ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை இயந்திரத்தால் இருநூறு மடங்கு அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். பதினொரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் சிலிண்டரில் இப்படி இரண்டாயிரத்து இருநூறு லிட்டர் காற்று அடங்கிவிடுகிறது. அவ்வளவு அழுத்தத்தில் உள்ள காற்றை அப்படியே வாயில் விட்டால் நுரையீரல் என்ன ஆகும்? நம் வீட்டு எரிவாயுச் சிலிண்டரில் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறதல்லவா? அதுபோல இதிலும் ஒன்று உண்டு. நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், நம்மைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றை அது தருகிறது. இப்படிப்பட்ட கருவியை 1943-ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் காஞான் என்னும் பொறியியலாளரும் உருவாக்கினார்கள்.

தண்ணீரின் அழுத்தம் என்றோம். தரையில் நம்மீது காற்று மண்டலத்தின் எடை ஒரு மடங்கு அழுத்துகிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அது இரு மடங்கு. இருபது மீட்டரில் மும்மடங்கு. பத்து மீட்டர் என்பது மூன்று மாடி வீட்டின் உயரம்தான். ஒரு பலூனை ஊதிக் கட்டிப் பத்து மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கும். இதையே திருப்பிப் பார்ப்போம். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அக்காற்று இரு மடங்காக விரியும். நுரையீரலுக்கு அந்த இடம் இல்லை. கிழிந்துவிடும். இதற்குப் பத்து மீட்டர் கூட வேண்டியதில்லை. ஆள் உயர ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தாலும் ஆபத்து உண்டு. ஆகவேதான் முக்குளிப்பின் முதல் விதி, சிலிண்டர் கட்டியவர் மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பது. ஆற்றிலும் குட்டையிலும் நீந்திப் பழகிய பிள்ளைகள் மூச்சை அடக்கி மூழ்குவதையே திறமை என்று கருதுகிறவர்கள். இங்கே அந்தப் பழக்கத்தை முதலில் மறக்கவேண்டும்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. அமைதியாக இருக்கும் பெரியவருக்குத் தரையில் நிமிடத்துக்குச் சுமார் இருபது லிட்டர் காற்று போதும். அந்தக் கணக்கில் சிலிண்டர் நூற்றுப்பத்து நிமிடம் வரும். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் இரட்டிப்பாகச் செலவாவதால் ஐம்பத்தைந்து நிமிடம்; இருபது மீட்டரில் முப்பத்தேழு நிமிடம்கூட வராது. அதிலும் கால் பங்கை மீதம் வைத்துக்கொண்டு கரையேறவேண்டும். பயந்தவர் இன்னும் வேகமாக இழுப்பார். எனவே நால்வர் இறங்கினால், யாருக்குக் காற்று முதலில் குறைகிறதோ அவரோடு எல்லாரும் திரும்புகிறார்கள்.

காது பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கேமரன் மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், வழியில் காது அடைத்துக்கொள்ளும்; எச்சிலை விழுங்கினால் படக்கென்று திறக்கும். தண்ணீரில் இறங்கும்போது இந்த அடைப்பு முதல் ஒன்றிரண்டு மீட்டரிலேயே வந்துவிடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிச் சரிசெய்துகொண்டே இறங்கவேண்டும். வலித்தால் நிற்கவேண்டும், சற்று மேலே ஏறவேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்த பிள்ளை அன்றைக்குக் கரையில்தான். பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சளி இல்லை என்பார்கள்.

தண்ணீருக்குள் பேச முடியாது, கையால்தான் பேச்சு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமானால் 'நலம்' என்று பொருள். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருளல்ல. 'மேலே போவோம்' என்று பொருள். குடும்பமாக இறங்குகிறவர்கள் ஊரிலேயே ஓர் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். யார் கட்டைவிரலை உயர்த்தினாலும் எல்லாரும் மேலே வந்துவிடுவது. கரைக்கு வந்தபின், ஏன் பயந்தாய், நல்ல மீனை விட்டுவிட்டோமே என்று யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஒருமுறை ஏசினால் போதும், அடுத்த முறை பிள்ளை விரலை உயர்த்தத் தயங்கும். அந்தத் தயக்கம்தான் உயிருக்கு உலை வைப்பது.

இப்போது நைட்ரஜனுக்கு வருவோம். ஆழத்தில் இருக்கும்போது அழுத்தத்தின் காரணமாக நைட்ரஜன் நம் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடா புட்டியில் வாயு கரைந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகிறது? பொங்கி வழிகிறது. மெல்லத் திறந்தால் அடங்கி வருகிறது. முக்குளிப்பவரும் மெல்லத்தான் மேலே ஏறவேண்டும். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவது வழக்கம். அவசரப்பட்டால் உடலுக்குள் குமிழிகள் தோன்றி மூட்டு வலி, மரத்துப்போதல், சில வேளை பக்கவாதமும் வரும். அப்படி வந்தவரை அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தருகிறார்கள். பொனேரின் தலைநகரான கிராலண்டைக்கில் அத்தகைய அறை உண்டு. எல்லாத் தீவுகளிலும் இல்லை. செலவு பெரியது. சாதாரணப் பயணக் காப்புறுதி பல வேளைகளில் முக்குளிப்பை விலக்கியே எழுதப்படுகிறது. முக்குளிப்போருக்கென்றே காப்புறுதி உண்டு. அதை வாங்காமல் விமானம் ஏறுவது வீண் துணிச்சல்.

சிறிதளவு நைட்ரஜன் கரையேறிய பின்னும் உடம்பில் தங்கியிருக்கிறது. உயரே பறக்கும் விமானத்தில் அழுத்தம் குறைவு. மறுபடியும் சோடா மூடி திறப்பது போலத்தான். ஆகவே பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர், கடைசியாகக் கரையேறிய பிறகு குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழித்தே விமானம் ஏறவேண்டும். ஒருநாள் முழுவதும் விட்டுவிடுவது இன்னும் நல்லது. நாட்களை நாம் முன்னிருந்து எண்ணுவதுதான் வழக்கம். இங்கே பின்னிருந்து எண்ணவேண்டும். சனிக்கிழமை மாலை விமானம் என்றால், வெள்ளிக்கிழமை நண்பகலோடு கடல் வேலை முடிந்தது. வந்து இறங்கிய நாளும் களைப்பில் போய்விடும். ஒரு வாரம் என்று பணம் கட்டியவருக்குக் கடலில் கிடைப்பது நான்கரை நாளோ ஐந்து நாளோதான். அதற்குத் தக்கபடி பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைக்கவேண்டும்.

எந்த மாதம் போவது? கரிபியன் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். பொனேர் புயல் செல்லும் வழிக்குத் தெற்கே ஒதுங்கி இருப்பதால் நேரடித் தாக்குதல் அரிது. அரிது என்றால் இல்லை என்பதல்ல. 1999 நவம்பரில் லென்னி என்னும் புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காகச் சென்றது. அது எழுப்பிய அலைகள் அமைதியான மேற்குக் கரையையே அடித்து, ஆழம் குறைந்த இடத்துப் பவளங்களை நொறுக்கிவிட்டன.

செலவில் நாம் எளிதில் மறப்பவை சில. 2022 ஜூலை முதல் வெளியார் தீவுக்குள் வர நுழைவு வரி உண்டு. பெரியவர் ஒருவருக்கு 75 டாலர் என்று தொடங்கினார்கள். கடற்பூங்காவில் இறங்குவதற்குத் தனிக் கட்டணம். பிறகு வாடகைக்கு ஒரு பிக்கப் வண்டி. ஈரச் சாமான்களையும் சிலிண்டர்களையும் பின்னால் போட்டுக்கொண்டு போவதற்கு அதுதான் தோது. கரையில் நிறுத்தும் வண்டியில் பணப்பையோ கைப்பேசியோ கடப்பிதழோ வைக்கக்கூடாது. எல்லாரும் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் திருடனுக்கும் தெரியும்.

அக்கடற்பூங்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். 1962-இல் டான் ஸ்டுவர்ட் என்னும் அமெரிக்கர் பாய்மரக் கப்பலில் அங்கு வந்து சேர்ந்து, முக்குளிப்புத் தொழிலைத் தொடங்கி வைத்தார். படகுகள் போடும் நங்கூரம் பவளத்தை உடைப்பதைக் கண்டு, நங்கூரத்துக்குப் பதிலாக நிலையான மிதவைகளில் படகைக் கட்டும் முறைக்காகப் பாடுபட்டவர் அவர். கடலாமையின் முட்டைகளையும் கூடுகளையும் காக்க 1961-லேயே தீவில் சட்டம் வந்துவிட்டது. ஈட்டி எறிந்து மீன் பிடிப்பதற்கு 1971-இல் தடை. பவளத்தை உயிரோடோ செத்ததாகவோ எடுப்பதற்கு 1975-இல் தடை. 1979-இல் தீவைச் சுற்றிலும் அறுபது மீட்டர் ஆழம் வரை உள்ள கடல் முழுவதும் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1992-இல் முக்குளிப்போரிடம் ஆளுக்குப் பத்து டாலர் வாங்கத் தொடங்கினார்கள். காவலர் சம்பளத்துக்கும் மிதவைகளைப் பராமரிக்கவும் பணம் அப்படித்தான் கிடைத்தது.

புதிதாக வருபவர் யாரானாலும் முதலில் விதிகளைக் கேட்டு, ஒரு சோதனை முக்குளிப்பும் செய்து காட்டிய பிறகே தம் விருப்பப்படி இறங்கலாம். கையுறை அணியத் தடை. இது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கையுறை போட்டவர் எதையும் பிடித்துப் பார்ப்பார். வெறுங்கையர் தொட அஞ்சுவார். பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் அது உயிர். ஊசிமுனை அளவுள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. ஒரு காலுதை பல ஆண்டு வளர்ச்சியை முறித்துவிடும்.

தடை போட்டு முடிகிற காரியங்களும் உண்டு, முடியாதவையும் உண்டு. 2009-இல் சிங்கமீன் அக்கடலில் முதன்முதலாகக் காணப்பட்டது. இது நம் பக்கத்துக் கடல்களுக்கு உரிய மீன். மனிதர் வளர்ப்பதற்காகக் கொண்டுபோய்க் கடலில் விட்டதால் பெருகி, அங்குள்ள சிறுமீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் பயிற்சி பெற்றவர்கள் இதை மட்டும் குத்திப் பிடிக்க அனுமதி தந்திருக்கிறார்கள். 2023-இல் பவளத்தின் சதையை அரிக்கும் நோய் ஒன்று தீவில் கண்டறியப்பட்டது. ஓரிடத்தில் இறங்கியவர் தம் சாமான்களைக் கிருமிநாசினியில் கழுவிய பிறகே வேறிடத்தில் இறங்கவேண்டும் என்கிறார்கள். அதே ஆண்டு கடல் சூடேறிப் பவளங்கள் பல வெளுத்தன. பத்தாண்டுக்கு முந்திய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அதே காட்சி அப்படியே காத்திருக்கும் என்று எண்ணக்கூடாது. ஆமையும் கிளிமீனும் இன்னும் இருக்கின்றன. கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டும் ஓசை தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அது சுரண்டித் தின்று வெளியேற்றுவதுதான் நாம் நடக்கும் வெண்மணலில் பெரும்பங்கு.

அப்பா தனியாக ஆசைப்படும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஹில்மா ஹூக்கர் என்னும் சரக்குக் கப்பல் 1984 செப்டம்பர் 12-இல் அங்கே மூழ்கியது. உள்ளே பதினொரு டன் கஞ்சாவை அதிகாரிகள் கண்டெடுத்த கப்பல் அது. எழுபது மீட்டருக்கு மேல் நீளம். முப்பது மீட்டர் ஆழத்து மணலில் சாய்ந்து கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் எல்லை உள்ள மகளுக்கு அங்கே வேலையில்லை. மேற்பயிற்சி பெற்றிருந்தால் அப்பா ஒரு காலையில் வழிகாட்டியோடு போய் வரட்டும். ஆழமான முக்குளிப்பை நாளின் முதலில் வைத்துக்கொள்வதே நல்ல முறை.

கடைசி நாள் தரையில் என்றோமல்லவா? தீவின் மிக உயர்ந்த குன்றே 241 மீட்டர்தான். முக்குளித்த மறுநாள் காரில் சுற்றினால் கெடுதல் இல்லை. தெற்கே போனால் உப்பளங்கள். கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் வற்றவிடுகிறார்கள். உப்பு மிகுந்த நீரில் நுண்ணுயிர்கள் பெருகுவதால் பாத்திகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவற்றில் இளஞ்சிவப்புப் பூநாரைகள் தலைகீழாக அலகை விட்டு மேயும். பக்கத்தில் மலைமலையாக வெள்ளை உப்பு.

சாலையோரத்தில், கடலைப் பார்த்தபடி, வரிசையாகச் சின்னஞ்சிறு கல்வீடுகள் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் பார்த்தால் விளையாட்டு வீடு என்றே நினைப்பார்கள். வாசல் இடுப்பளவுதான், குனிந்தோ தவழ்ந்தோதான் உள்ளே போகலாம். 1850-இல் உப்பளத்து அடிமைகள் படுப்பதற்காகக் கட்டப்பட்டவை இவை. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அவ்வரிசையைப் பார்த்தால் சற்று நின்றுதான் போவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மக்கள், கண் கூசும் வெயிலில் உப்பை வெட்டிக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் இருந்தது வடக்கே ரிங்கோன் என்னும் ஊரில். வார முடிவில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் நடந்து அங்குப் போவார்கள். வேலை தொடங்குமுன் அதே வழியில் திரும்பி நடப்பார்கள். ஹாலந்துக்குரிய தீவுகளில் அடிமை முறை 1863 ஜூலை முதல் நாள்தான் ஒழிந்தது. அடிமை முறை ஒழிந்த வேறு கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களில் நம் தமிழரும் இருந்தார்கள். மார்ட்டினிக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் இந்தியர்களின் முதற்கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அதை வேறொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

அந்தக் கல்வீடுகளிலிருந்து ரிங்கோனுக்கு இன்று காரில் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விட்டு, மாலை நான்கு மணிக்குள் கிராலண்டைக்குத் திரும்பிவிடலாம். காலையில் கழுவிக் காயப்போட்ட கண்ணாடிகளும் துடுப்புகளும் அதற்குள் உலர்ந்திருக்கும்.